பூவரச மரத்தடியில் ஒரு நகரின் வரலாறு



நம் பங்கின் பொன்விழா மலருக்கு, ‘தூத்துக்குடி அன்றும் இன்றும்’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமென மலர்க் குழுவினர் அடியேனைப் பணித்தபோது, எல்லோரையும் போல நானும் முதலில் நூல்களைத் தேடித்தான் புறப்பட்டேன். ஆண்டுகள் பல கிடைத்தன. 1542-ல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1555-ல் பனிமய அன்னையின் திருச்சுரூபம் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தது. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரை ஒல்லாந்தர் பிடித்தனர். 1713-ல் இன்றைய பெரிய கோவில் எழும்பிற்று. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாய் வந்தது. 1866-ல் நகரசபை, 1876-ல் ரயில், 1923-ல் நம் மறைமாவட்டம், 1974-ல் பெருந்துறைமுகம், 1982-ல் பெரிய கோவிலுக்குப் பேராலயத் தகுதி, 2008-ல் மாநகராட்சி என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

எழுதியதை எடுத்துக்கொண்டு, ஒரு மாலைத் திருப்பலி முடிந்ததும் கோவில் வளாகத்துப் பூவரச மரத்தடிக்குச் சென்றேன. அங்கே அன்றாடம் கூடும் நம் பங்கின் மூத்தோரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பெரியவர்கள் சிமெண்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். ஆச்சிமார் கோவில் படிக்கட்டில் தனியே அமர்ந்திருப்பார்கள். ஆனால் ஆண்கள் பேசுவது ஒன்றுவிடாமல் அவர்கள் காதில் விழும், தவறென்றால் அங்கிருந்தே திருத்தமும் வரும். என் பக்கத்தை நான் வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர், “எல்லாம் சரிதான் தம்பி. இதுல நாங்க எங்க இருக்கோம்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே அந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, பல மாலைகள் அந்த மரத்தடியில் கேட்டவற்றையும், அவற்றை ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் தெளிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கொழும்புக்குப் போன வழி

மரத்தடிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கொழும்பைத் தொடாமல் முடிவதில்லை. ஒருநாள் போட் மெயில் ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. “போட் மெயில் எப்பவுமே தனுஷ்கோடிக்குத்தான். அங்கன இறங்கிக் கப்பலேறணும். நானே சின்ன வயசுல எங்க அப்பாவோட போயிருக்கேன்” என்றார் ஒருவர். “அப்படி இல்ல அண்ணாச்சி. எங்க தாத்தா தூத்துக்குடியிலயேதான் கப்பலேறினாராம். ரயில்ல வந்தவங்க எல்லாம் இங்கனதான் இறங்குவாங்களாம்” என்றார் மற்றவர். குரல் உயர்ந்தது. படிக்கட்டிலிருந்த ஆச்சி ஒருவர், “ரெண்டு பேருமே பொய் சொல்ற ஆளு இல்ல. தம்பி, நீரு புஸ்தகத்தைப் பாரும்” என்று தீர்ப்பை என் தலையில் வைத்தார்.

பார்த்தேன். இருவருமே மெய்யே சொன்னார்கள். 1876-ல் நம் ஊருக்கு இருப்புப்பாதை வந்தபின், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்து நீராவிக் கப்பலில் சென்றனர். பாம்பன் பாலம் அமைந்து 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் அந்தப் பயணிகள் கூட்டம் அவ்வழியே திரும்பிற்று. தாத்தா போனது 1914-க்கு முன். பேரன் போனது அதற்குப் பின். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த வழியும் அற்றது. ஒரு வாய்ச் சண்டைக்குள் ஏறக்குறைய 90 ஆண்டு வரலாறு அடங்கியிருந்தது என்பதை எண்ணி வியந்தேன்.

இந்தக் கொழும்புக் கடலில்தான், வெள்ளையர் கப்பல் கம்பெனிக்கு எதிராக வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களை ஓடவிட்டார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் பெரிய கப்பல்கள் கரையைத் தொட முடியாத ஊர் இது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார். நம் கடல் ஆழம் குறைந்தது. கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் படகுகளிலேயே போய்வர வேண்டும். கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் கட்டி ஆழ்கடல் துறைமுகம் அமைத்து, 11.7.1974 அன்று அதைப் பெருந்துறைமுகமாக அறிவித்த பிறகே அந்நிலை மாறியது. 2011-ல் அத்துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயரும் சூட்டப்பட்டது. அதே 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் ஒன்று மீண்டும் விடப்பட்டு, சில மாதங்களிலேயே நின்றும் போனது.

கப்பல் நின்றாலும் தோணி நிற்கவில்லை. வெங்காயமும் மிளகாயும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு, இயந்திரம் இல்லாமல், பாய்விரித்துக் கொழும்புக்குச் சென்ற பெருந்தோணிகளை மரத்தடியில் அறியாதார் இல்லை. அவர்களுள் ஒருவர் தண்டலாகவே இருந்து தோணி நடத்தியவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளை உறவினரைப் போல் பெயர் சொல்லிப் பேசுவார். “ஆடிக் காத்துல தோணி எடுக்கக்கூடாது. எடுத்தா அது தைரியம் இல்ல, திமிரு” என்பார். அவரைப் பற்றிப் பின்னர் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சலாபம் முடிந்தது எப்போது?

முத்துக்குளித்துறை என்ற பெயரே முத்தினால் வந்தது. முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தைச் சலாபம் என்பது நம் மக்கள் வழக்கு. கடலடியில் சிப்பிகள் படிந்திருக்கும் திட்டைப் ‘பார்’ என்பார்கள். தொள்ளாயிரம் பார் என்ற பெயரை நம் மூத்தோர் இன்றும் மறக்கவில்லை.

மரத்தடியில் 85 வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், இளமையில் கல்லைப் பிடித்துக் கயிற்றோடு கடலடிக்கு இறங்கியவர். “சிப்பியைக் குவிச்சு அழுக விடுவாங்க தம்பி. அந்த நாத்தம் ஊரையே தூக்கும். ஆனா சலாபம் நடக்குற வருஷம் அந்த நாத்தத்தை யாரும் குறை சொன்னதில்ல. அதுல சோறு இருந்துச்சு” என்றார். எடுத்த சிப்பியில் பெரும்பகுதி அரசுக்குப் போகும். தங்கள் பங்கை ஆயிரக்கணக்கில் எண்ணி வாங்கி வருவார்களாம். சிப்பியைத் திறக்கையில் முத்து இருக்குமா, இராதா என்று வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்பார்களாம்.

“கடைசிச் சலாபம் எந்த வருஷம் பெரியப்பா?” என்று கேட்டேன். தயங்காமல் “ஐம்பத்தெட்டு” என்றார். ஏடுகளோ வேறு சொல்கின்றன. 1955-ல் தொடங்கிய சலாபங்கள் 1961-ல்தான் முடிந்தன. மறுநாள் இதைச் சொன்னேன். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஐம்பத்தெட்டுலதான் எங்க அண்ணனுக்கு மூச்சுக் கோளாறு வந்துச்சு. அதோட எங்கம்மா என்னையும் கடலுக்கு விடல” என்றார்.

பிழை என்று நான் குறித்துக்கொண்டதை அடித்துவிட்டேன். 1961 என்பது அரசாங்கத்துக்கு. 1958 என்பது அந்த வீட்டுக்கு. வரலாற்றில் இரண்டுக்கும் இடம் வேண்டும் அன்றோ?

1961-க்குப் பின் பார்களில் சலாபம் நடத்தத்தக்க அளவில் சிப்பி விளையவில்லை. 1973-ல் நம் ஊரிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். அதை இந்தியாவே பாராட்டியது. ஆயினும் கடல் தானாகக் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. கடலடிப் பவளப் பாறைகளையும் நாம் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்தோம். பழைய வீடுகளின் சுவரில் அந்தக் கல்லை இன்றும் காணலாம். நமக்கு எதிரே உள்ள விலாங்குசல்லித் தீவு கடலுள் மறைந்தது. வான் தீவு தேய்ந்து, செயற்கைத் திட்டுகளை இறக்கிக் காக்க வேண்டிய நிலைக்கு வந்தது. “கடலுக்கிட்ட வாங்கின கடன்” என்று ஒரு பெரியவர் இதைச் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டு குடங்கள்

தண்ணீரைப் பற்றிய பேச்சு என்றால் அது படிக்கட்டுக்கே உரியது. ஆண்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். நம் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. அந்த உப்புதான் ஆயிரக்கணக்கான உப்பளத் தொழிலாளருக்குப் பிழைப்பும் தந்தது. அதே உப்புதான் குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீருக்கு அலையவும் வைத்தது. வீட்டில் புழங்க ஒரு குடம், குடிக்க ஒரு குடம் என்று இரண்டு குடங்கள் தனித்தனியே இருக்கும். மாற்றி மொண்டுவிட்ட மருமகளுக்கு ஏச்சு நிச்சயம்.

நகரசபைத் தலைவராய் இருந்து இத்துயரைத் தீர்க்கப் பாடுபட்டவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள். அவரது முயற்சியால் வல்லநாட்டிலிருந்து குழாய் பதித்து, 1927-ல் தாமிரபரணித் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அவருக்குச் சிலை வைத்து ஊர் நன்றி செலுத்தியிருக்கிறது. இதுவரை ஏட்டில் உண்டு. ஏட்டில் இல்லாதது ஒன்றை ஓர் ஆச்சி சொன்னார்: “குழாய்ல தண்ணி வந்தப்ப எங்கம்மா சின்னப் புள்ளையாம். கையில ஏந்திக் குடிச்சுப் பாத்துட்டு, ‘சீனி போட்டிருக்காங்களா’ன்னு கேட்டாளாம். சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா.”

அந்த ஆச்சி 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கண்டவர். அம்மாதம் 18-ந் தேதியோடு முடிந்த ஒரே நாளில் அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் தெருக்களில் நாட்கணக்கில் வெள்ளம் நின்றது. “முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டுக் குடிக்கத் தண்ணி கேட்டோம் தம்பி. எங்கம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாளோ” என்றார். தண்ணீருக்கு அழுத ஊர் தண்ணீராலும் அழுதது. அந்த நாட்களில் சாதி மத வேறுபாடின்றி ஒருவருக்கொருவர் சோறு கொடுத்ததையும் அவர் மறவாமல் சொன்னார்.

சங்கு ஊதிய ஊர்

கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு மில் சங்கே கடிகாரம். சங்கு ஊதினால் உலை வைப்பதும், சங்கு ஊதினால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் வழக்கம். மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், “ஞாயித்துக்கிழமை சங்கு ஊதாது. கோவில் மணி மட்டும்தான்” என்று இயல்பாகச் சொல்லிப் போனார்.

ஆனால் அந்த ஞாயிறு இயல்பாய் வந்ததன்று. 1908 பிப்ரவரி 27-ந் தேதி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஊதிய உயர்வு கேட்டார்கள். வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். மார்ச் முதல் வாரம் கடந்ததும் கோரிக்கைகள் ஏற்கப்பட்டுத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஞாயிறு காலையில் குடும்பத்தோடு கோவிலுக்கு வந்து ஆற அமர நிற்கும் நாம், அந்த ஓய்வுநாளுக்காக உழைப்பாளிகள் சிலர் பட்டினி கிடந்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுதல் தகும்.

நாவில் இருக்கும் ஏடு

மூத்தோர் பேசும் செய்தி மட்டுமல்ல, பேசும் சொற்களே வரலாறாக இருப்பதையும் கண்டேன். “சாவியை மேசையில வச்சுட்டு ஜன்னலைச் சாத்து” என்று ஆச்சி பேரனுக்குச் சொல்கையில் சாவி, மேசை, ஜன்னல் மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். அலமாரியும் துவாலையும் அப்படியே. திரேஸ்புரம் கரையில் மீனை ‘ஏலம்’ விடுகிறார்களே, அச்சொல்லும் அவர்கள் விட்டுச் சென்றதே. பின்வந்த ஒல்லாந்தர் விட்டுச் சென்றது ‘கக்கூஸ்’ என்று ஒரு பெரியவர் சொல்லவும் மரத்தடியே சிரித்தது.

முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த நம் மக்ரூனுக்கும் அதே கடல்வழிக் கதையைத்தான் ஊரில் சொல்கிறார்கள். இந்தக் கடற்கரை மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றவர் சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதில் நம் முன்னோரின் பேச்சு வாடை இன்றும் வீசுகிறது. அன்று ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்தார். அதனால்தான் நானூறு ஆண்டுக்கு முந்திய பேச்சு நமக்கு எஞ்சியது.

நான் தவறவிட்டது

முன்னர்க் குறிப்பிட்ட தோணித் தண்டல் பெரியவர், இரவில் எந்தெந்த மீனைப் பார்த்துக் கொழும்புக்குத் திசை பிடிப்பார்கள் என்று ஒருநாள் சொல்லத் தொடங்கினார். வானத்து விண்மீன்களுக்குத் தோணிக்காரர்கள் தங்களுக்கென்றே பெயர்கள் வைத்திருந்தார்களாம். அன்று என் கையில் தாள் இல்லை. மணியும் எட்டைத் தாண்டியிருந்தது. “ஐயா, பெரிய கோவில் திருவிழா முடியட்டும். நோட்டோடு வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன்” என்றேன். “வாரும், நான் எங்க போகப் போறேன்” என்று சிரித்தார்.

ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்டு 5-ல் திருவிழா நிறைவுற்றது. அதற்கடுத்த வாரம் நம் கோவிலில் துக்க மணி அடித்தது. யாருக்கென்று கேட்டபோது அவர் பெயரைச் சொன்னார்கள்.

அடக்கப் பதிவேட்டில் அவர் பெயரும் வயதும் தேதியும் முறையாக எழுதப்பட்டுள்ளன. அந்த விண்மீன்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அவருடைய பிள்ளைகளைக் கேட்டேன். “அப்பா சொல்லுவாங்க, நாங்கதான் கவனிக்கல” என்றார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. கேட்கவே வந்தவன் நான், நானே ஒத்திப்போட்டேன்.

பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு வீட்டையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் 75 வயது கடந்தவர் ஒருவர் இருந்தால், ஒரு பிள்ளை ஒரு நோட்டோடு அவர் அருகில் அமரட்டும். கையில் இருக்கும் செல்போனிலும் பதிந்துகொள்ளலாம். பெரிய கேள்விகள் வேண்டாம். சின்ன வயதில் குடிதண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? முதல் கூலி எவ்வளவு, யாரிடம் கொடுத்தீர்கள்? நம் தெருவுக்கு முன்பு என்ன பெயர்? தங்கத் தேர் பார்த்தது எந்தெந்த வருஷம், யார் தோளில் இருந்து? வீட்டில் யார் கொழும்புக்குப் போனார், யார் திரும்பி வரவில்லை? இந்த ஐந்து போதும்.

ஆண்டில் பிழை வந்தாலும் திருத்த வேண்டாம். அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஏட்டைப் பார்த்து ஒப்பிடுவது பிறகு நடக்கட்டும். பிழையென்று தோன்றும் இடத்தில்தான் சில வேளைகளில் ஒரு வீட்டின் கதை ஒளிந்திருக்கிறது என்பதைச் சலாபப் பெரியவரிடம் கற்றுக்கொண்டேன். எழுதிய நோட்டுகளைப் பங்கு இல்லத்தில், திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கும் அலமாரியிலேயே வைத்துக் காக்கலாம்.

இதை எழுதி முடித்த மாலை, தாள்களை எடுத்துக்கொண்டு மீண்டும் பூவரச மரத்தடிக்குச் சென்று வாசித்தேன். “இதுல நாங்க எங்க இருக்கோம்?” என்று முதலில் கேட்ட பெரியவர் இறுதிவரை கேட்டுவிட்டு, “இப்ப இருக்கோம். ஆனா பாதிதான் இருக்கோம். நாளைக்கு நோட்டை எடுத்துட்டு வாரும்” என்றார்.

நான் போகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். பனிமய அன்னை நம் மூத்தோருக்கு நீண்ட ஆயுளையும், நமக்குக் கேட்கும் செவியையும் பெற்றுத் தருவாராக!